திகதி முடிந்த கிப்ட் கார்ட்

போன கிழமை தரணி வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஓர் உடுப்புக்கடை போட்டிருக்கும் பிள்ளை. கடை தொடங்கி இதுவரை ஒரு தீபாவளி, ஒரு நத்தார், ஒரு பெருநாள்தான் கண்டிருக்கிறாள். கதிரையில் இருக்க முதலே கேள்வியைத் தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, கொழும்பிலயிருந்து ஒருத்தர் வந்து கதைச்சவர். கிப்ட் கார்ட் விக்கலாமாம். கார்ட்டும் அவையளே தருவினமாம், மெஷினும் தருவினமாம். நீங்கள் உங்கட கடையில எத்தினையோ வருசம் வித்தனீங்கள். எங்களைப் போலச் சின்னக் கடைக்காரர் என்னத்தைக் கவனிக்கவேணும் எண்டு சுருக்கமாச் சொல்லுங்கோ, போனில பதிஞ்சுகொண்டு போறன்."

"சுருக்கமா எண்டால், காசை வாங்க முதல் கார்ட்டைக் குடாத," என்றேன்.

"அது தெரியும் அன்ரி!"

"அப்ப மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்ல ஏலாது."

அவள் சிரித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கறியை அடிப்பிடிக்க விட்டேன். நான் வேலை செய்த கடைக்கு வரும் யோகாவின் நினைவாகவே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். தரணி, இது நீளம்தான். உனக்குப் பொறுமை கிடையாது என்பதும் தெரியும். இருந்தாலும் வாசி.

நான் அந்தச் சாறிக்கடைக்கு வேலைக்குப் போனது பள்ளிக்கூடம் முடிந்த கையோடு. மாதா கோயிலில் என்னோடு பாட்டுக் குழுவில் பாடிய ஓர் அக்கா அங்கே வேலை செய்தா, அவதான் கூட்டிக்கொண்டு போனா. முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாறியை விரிக்கப் பழகினேன், மடிக்கப் பழகினேன், எல்லாவற்றையும் விரிக்க வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பப் பழகினேன். கடைசிப் பாடம்தான் பிடிபட நாள் எடுத்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயோடேயே மேற்பார்வையாளராகி, அந்த வாயோடேயே ஓய்வும் பெற்றேன்.

எங்கள் முதலாளி கிண்ணியாக்காரர், முஸ்லிம் மனிதர். பாலம் வர முதல் ஒவ்வொரு நாளும் பாதைப்படகில் கடலைக் கடந்து வந்து கடை திறந்தவர். பாலம் வந்து பயணம் சுருங்கின பிறகும் வீட்டிலிருந்து வெளிக்கிடும் நேரத்தை அவர் மாற்றவில்லை. அதனால் கடை திறக்க வெகுநேரம் முன்னமே வாசலில் வந்து நின்றுகொண்டு, நாங்கள் பிந்தி வருகிறோம் என்பதுபோல எங்களைப் பார்ப்பார். உரத்துக் கதைக்க மாட்டார். சந்தோசமாக இருந்தால் எங்களை "புள்ள" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். "நீங்க" வந்துவிட்டால் அன்று முழுக்க யாரும் அவர் பக்கம் தலைவைக்க மாட்டோம்.

கிப்ட் கார்ட் எங்கள் கடைக்கு வந்ததே ஆம்பிளைகளால்தான். தீபாவளிக்கு முதல் நாள் அவர்கள் வருவார்கள், அவசரமாக ஒரு சாறியை எடுப்பார்கள். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் அவர்களின் மனுசிமார் வரிசையாக மாற்ற வருவார்கள். நத்தாருக்கும் பெருநாளுக்கும் இதே கூத்துத்தான்.

இந்தக் கூட்டத்தில் முதல் ஆள் சிவபாலன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. பெரிய கப்பலையே இழுத்துக்கொண்டு வந்து கரையில் சேர்க்கிற மனிதருக்கு ஒரு சாறி எடுக்கத் தெரியாது. கடைக்குள் வந்தால் அங்கே இங்கே பார்க்க மாட்டார், நேரே கத்தரிப்பூ நிறத்தைக் காட்டுவார்.

"இதைத் தாங்கோ அக்கா. அவவுக்கு எடுப்பா இருக்கும்."

இரண்டு நாளில் அவரின் மனுசி யோகா அதே பையோடு வந்து நிற்பா. "அக்கா, இவர் திருப்பியும் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்திட்டார்!" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்து, அதைக் கொடுத்துவிட்டுப் பச்சையில் ஒன்று எடுத்துக்கொண்டு போவா. ஒவ்வொரு வருசமும் இதுதான். ஒருமுறை என் வாய் சும்மா இருக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன்: "உங்கட மனுசிக்கு இந்த நிறம் பிடிக்காது தம்பி. பச்சையைக் கொண்டுபோங்கோ."

"பச்சை அவவிட்ட நிறையக் கிடக்குத்தானே அக்கா," என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கத்தரிப்பூ நிறத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

முதலாளி இதையெல்லாம் வாசல் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மடிப்புக் குலைந்து திரும்பி வரும் சாறிகளைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். ஒரு வருசம் கொழும்புக்குப் போய்ப் பெரிய கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, "இனி நாமளும் கார்ட் விக்கிறம் புள்ள. ஆம்புளயள் கார்ட்ட வாங்கட்டும், பொம்புளயள் சாறிய எடுக்கட்டும்," என்றார். முதலில் கடுதாசியில்தான் அச்சடித்தோம்.

கடுதாசி சரிவரவில்லை. காரணம் மான். எங்கள் ஊரில் மான்கள் பஸ் நிலையத்திலும் கடை வாசலிலும் மனிதர் போலத் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். மூதூரில் படிப்பித்த ஒரு ரீச்சர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கைப்பையை வாங்கு இருக்கையில் வைத்துவிட்டு ஆரோடோ கதைத்திருக்கிறா. மான் வந்து, பைக்குள் முகத்தை விட்டு, எங்கள் கடுதாசிக் கார்ட்டை உறையோடு தின்றுவிட்டது. அவ கடைக்கு வந்து இதைச் சொன்னபோது காசாளர் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலாளி சிரிக்கவில்லை. "இந்த ஊரில மான் திண்டுட்டு எண்டு செல்ற ஆள நம்பாம இரிக்க ஏலுமா?" என்றார். யார் வாங்கித் தந்தது என்று கேட்டார். வாங்கினவர் ரீச்சரின் தம்பி. அவரிடம் பற்றுச்சீட்டு பத்திரமாக இருந்தது, அதில் இலக்கமும் இருந்தது. பழைய இலக்கத்தைத் தடுத்துவிட்டுப் புதியது கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது: கார்ட் பரிசு பெறுகிறவருக்கு, பற்றுச்சீட்டு பரிசு கொடுக்கிறவருக்கு. இரண்டையும் ஒரே உறைக்குள் போடவேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் அனுப்புவோம். அடுத்த முறை பிளாஸ்டிக்கில் அடித்தோம். அதை மானும் சீண்டவில்லை.

விற்கிற முறையையும் சொல்கிறேன். கார்ட்டுகள் பூட்டின லாச்சிக்குள்தான் இருக்கும். காசு கைக்கு வந்து, காசாளர் மெஷினில் அடித்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். விற்கும்போது வாயால் சொல்லவேண்டியதும் உண்டு. எத்தனை மாதத்துக்குச் செல்லும், மிச்சம் இருந்தால் கார்ட்டிலேயே கிடக்கும், காசாகத் திருப்பித் தரமாட்டோம். அச்சடித்துத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. சந்தோசத்தில் பரிசு வாங்குகிற யாரும் பின்பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்தை வாசிப்பதில்லை.

போனில் யாரும் கார்ட் இலக்கம் கேட்டால் சொல்லவே கூடாது. ஒருநாள் ஒருவன் போன் எடுத்து, தான் ஹெட் ஒஃபிஸிலிருந்து கதைக்கிறேன், கார்ட்டுகளைப் பரிசோதிக்கவேண்டும், இலக்கங்களை வாசியுங்கள் என்றான். காசாளர் பிள்ளையும் பயந்துபோய் வாசிக்க வெளிக்கிட்டாள். முதலாளி எழும்பி வந்து போனை வாங்கி, "தம்பி, ஹெட் ஒஃபிஸ் இங்க வாசல் கதிரையில இரிக்கு. நீங்க எங்க இருந்து பேசுறீங்க?" என்று கேட்டார். அவன் வைத்துவிட்டான். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு கடைதான்.

இதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லித் தரக்கூடியவை. எங்கள் முதலாளிக்கென்று இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, கார்ட்டின் பின்பக்கத்தில் காசு கொடுத்து வாங்குகிறவர் தன் கையாலேயே எழுதவேண்டும். கையெழுத்து வடிவில்லை, நீங்களே எழுதுங்கோ என்று பலர் கெஞ்சுவார்கள். விடமாட்டார். "நாங்க எழுதினா அது கடையிட கார்ட். நீங்க எழுதினாத்தான் அது உங்கட பரிசு," என்பார். மற்றது, கார்ட்டோடு யார் உள்ளே வந்தாலும் கதிரையிலிருந்து எழும்பி நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாலும் எழும்புவார். ஏன் என்று கேட்டேன்.

"இவங்கட காசு முந்தியே வந்திட்டு புள்ள. ஆள் இப்பதான் வருது. நாம காத்திருந்த ஆள் இல்லையா?"

கார்ட் விற்ற காசையும் அவர் தனியாகத்தான் வைத்திருப்பார். சாமான் போகும்வரை அது எங்கள் காசு இல்லை என்பது அவரின் கணக்கு. இவ்வளவு யோசித்த மனிதர் கார்ட்டுக்குக் கொடுத்த தவணை ஆறு மாதம். எங்களுக்கும் அது போதுமாகத்தான் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிளாஸ்டிக் கார்ட் வந்ததும் முதலில் வாங்கினவர்களில் சிவபாலனும் ஒருவர். அந்த முறை தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னமே வந்துவிட்டார். பேனையைக் கையில் கொடுத்தால் கப்பலைக் கரையில் சேர்ப்பதைவிடக் கஷ்டப்பட்டார். கடைசியில் எழுதி என்னிடம் நீட்டினார். "யோகாவுக்கு. நிறம் உன்ர விருப்பம்."

"பிழை இருக்கோ அக்கா?"

"எழுத்தில பிழை இல்லை. டீசல்தான் கொஞ்சம் மணக்குது."

வெட்கப்பட்டுச் சிரித்தார். கார்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த முறை அவ மாத்த வரமாட்டா, பாருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முன்னமே அவர் போய்விட்டார். வேலையில் நிற்கும்போது நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்கு நானும் முதலாளியும் போனோம். யோகா என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டா. கார்ட்டின் நினைவே எனக்கு அப்போது வரவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முந்திய கிழமை. கடையில் கால்வைக்க இடமில்லை. நான் சாறிகளுக்கு நடுவே நிற்கிறேன், காசு மேசைப் பக்கம் மெஷின் கீச்சிடும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் நிரோஷாவின் குரல். காசு மேசையில் இருந்த அந்தப் பிள்ளை நல்லவள்தான், சனத்தின் இரைச்சலில் கத்தித்தான் கதைக்கவேண்டியிருந்தது.

"அக்கா, இந்தக் கார்ட் திகதி முடிஞ்சுது! எப்பவோ முடிஞ்சுது! இது செல்லாது!"

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யோகா நின்றா. நெற்றி வெறுமையாக இருந்தது, மெலிந்திருந்தா. பக்கத்தில் அவவின் மச்சாள் புஷ்பம், சிவபாலனின் தங்கச்சி. யோகா கையை நீட்டி, "அப்ப பரவாயில்லை பிள்ளை, தாங்கோ," என்று கார்ட்டைத் திருப்பி வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தா.

"நான் அப்பவே சொன்னனான், வேண்டாம் வாங்கோ எண்டு," என்றா புஷ்பம்.

செத்துப்போன மனுசன் காசு கட்டி வாங்கி வைத்துவிட்டுப் போன பரிசு, அவரின் மனுசி சபை நடுவில் கூனிக் குறுகி நிற்கிறா, ஏதோ இலவசத்துக்கு வந்தவபோல. யோகாவின் கையைப் பிடித்து வாசல் கதிரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கார்ட் விசயத்தில் முதலாளியின் சொல்லைத் தவிர வேறு சொல் கிடையாது.

அவர் வழக்கம்போல எழும்பினார். கார்ட்டை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தையும் பார்த்தார். தன் கதிரையை யோகாவுக்குக் கொடுத்தார்.

"ஏன் புள்ள, ஆறு மாசத்துக்குள்ள வரல்லையே?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

யோகா பதில் சொல்ல முதல் புஷ்பம் சொன்னா: "என்ன முதலாளி கேக்கிறியள்? செத்த வீட்டில ஒரு வருசம், ஆட்டை முடியாமல் ஆராவது புதுச்சீலை எடுப்பினமோ? போன கிழமைதான் அண்ணன்ர ஆட்டைத் திவசம் முடிஞ்சது."

முதலாளி கார்ட்டின் திகதியைத் திரும்பப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்கட ஆக்களுக்குப் புருசன் மௌத்தானா பொம்புளயள் துக்கம் இரிக்கிற இத்தா நாலு மாசமும் பத்து நாளும். அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சேத்துத்தான் ஆறு மாசம் எண்டு போட்ட நான். உங்கட வருசத்த நான் யோசிக்கல்ல. நீங்க எல்லாரும் இத்தின காலம் என்னோட இரிக்கிறீங்க. ஒருத்தரும் என்னட்ட வாய்விட்டுச் செல்லல்லையே?"

"நீங்க" வந்துவிட்டது. ஆனாலும் என் வாய் கேட்கவில்லை. "நீங்களும் கேக்கேல்லைத்தானே முதலாளி."

அவர் என்னைப் பார்த்தார். "ஓம். அதும் சரிதான்," என்றார்.

ஒரே வீதியில் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகிறோம். பெருநாளுக்குச் சாப்பாடு வருகிறது, நத்தாருக்குக் கேக் போகிறது. இருந்தும் யார் வீட்டில் எவ்வளவு காலம் புது உடுப்பு ஏறாது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கார்ட்டில் ஒரு திகதியைப் போட்டபோதுதான் அது வெளியே வந்தது, அதுவும் யோகாவின் தலையில் வந்து விடிந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான்.

"கார்ட் செல்லும்," என்றார் முதலாளி. "விலை ஏறியிரிக்கு. அத நீ பாக்காத. அண்டைக்கு அந்தக் காசுக்கு என்ன சாறி வந்திரிக்குமோ அதக் குடு."

எல்லாக் கடைக்காரராலும் இப்படிச் செய்ய முடியாது தரணி, அது எனக்கும் தெரியும். கார்ட்டை உடனே செல்லுபடியாக்குவதாவது உன் கையில் இருக்கிறது.

யோகாவை உள்ளே கூட்டிப் போனேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு: வாங்க வந்தவர் ஒரு சாறியைக் கையால் தொடும்வரை நாங்கள் நிறம் சொல்லக் கூடாது. நான் பேசாமல் நின்றேன். புஷ்பம் நிற்கவில்லை. சாம்பல், சந்தனம், வெளிறின நீலம் என்று அவவே எடுத்து எடுத்துப் போட்டா.

"இதில ஒண்டை எடுங்கோ மச்சாள். இது போதும் இனி. சனம் கதைக்கும்."

அவவைப் பிழை சொல்ல மாட்டேன். சனம் கதைக்கும்தான். அந்தக் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்களுக்கு நடுவில்தான் அவவும் வாழவேண்டும்.

யோகா சாம்பல் சாறியைத் தொடவில்லை. கைக்குள் இருந்த கார்ட்டை அதன்மேல் மெதுவாக வைத்தா, எழுதின பக்கம் மேலே தெரிய. புஷ்பம் குனிந்து பார்த்தா. அண்ணன்காரனின் கையெழுத்து. அவவின் உதடு அசைந்தது, திரும்பத் திரும்ப அதையே வாசித்தா போல. "அண்ணா," என்று ஒரு சத்தம் வந்தது. அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா. பக்கத்தில் சாறி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் விலகி இடம் விட்டார்கள்.

யோகா அழவில்லை. தட்டுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தா. நான் பச்சை அடுக்கின் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டேன், அத்தனை வருசப் பழக்கம்.

"அது வேண்டாம் அக்கா. அதைத் தாங்கோ," என்று மேல்தட்டைக் காட்டினா.

கத்தரிப்பூ நிறம். அந்த மனிதர் வருசா வருசம் காட்டின அதே நிறம்.

நான் ஏணி வைத்து எடுத்து விரித்தேன். புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாறியைப் பார்த்தா, மச்சாளைப் பார்த்தா. பிறகு தலைப்பை எடுத்து யோகாவின் தோளில் தானே போட்டுப் பார்த்தா. "எடுப்பாத்தான் இருக்கு," என்றா.

காசு மேசையில் இன்னொரு சிக்கல். பாவித்து முடிந்த கார்ட்டை வெட்டிப் போடுவதுதான் வழக்கம். யாரும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக. நிரோஷா கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைப் பார்த்து, வெட்ட மனமில்லாமல் முதலாளியைப் பார்த்தாள். அவர் தானே கத்தரிக்கோலை வாங்கினார். இலக்கம் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, எழுத்து இருந்த மிச்சத்தை யோகாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் மெஷின்காரரைக் கூப்பிட்டுத் திகதியை எடுத்துவிடச் சொன்னார். திகதி இல்லாமல் மெஷின் ஏற்காது என்றார்கள். "அப்ப என்ட ஆயுசுக்கு மிஞ்சின ஒரு திகதியப் போடுங்க," என்றார். கார்ட் வேலை செய்யாவிட்டால் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, ஆளைக் கதிரைக்குக் கூட்டி வரவேண்டும் என்ற விதியும் அன்றுதான் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்த விதி இருந்தது.

தரணி, மெஷின் கொண்டுவருகிறவர் முதலில் உன்னிடம் எத்தனை மாதத் தவணை என்று கேட்பார். பதில் சொல்ல முதல் உன் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று யோசி. தெரியாவிட்டால் அவர்களையே கேள்.

அன்று யோகாவின் சாறியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். அத்தனை வருசம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், யோசிக்காமல் தானாகச் சொல்லிவிட்டது.

"மாத்திறதெண்டால் பில்லோட ஒரு கிழமைக்குள்ள வாங்கோ."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. யோகா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. செத்த வீட்டுக்குப் பிறகு அன்றுதான் அவ சிரித்து நான் கண்டேன்.

"இந்த முறை மாத்த வரமாட்டன் அக்கா," என்றா.

மச்சாள்மார் இருவரும் வெளியே இறங்கும்போது முதலாளி எழும்பியேதான் நின்றார்.